கடக்கால் மண்ணும் ஒரு கண்ணாடி பாட்டிலும்

தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி போகிற சாலையிலோ கெலமங்கலம் போகிற சாலையிலோ எங்காவது புது வீட்டுக்குக் கடக்கால் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஓசூர் வீங்க வீங்க, மனைகள் இந்தப் பக்கம் நகர்ந்து வருகின்றன. தோண்டிய குழியில் முதலில் வருவது வேரும் சருகும் கலந்த மேல்மண். அதன் கீழே நல்ல செம்மண். இன்னும் ஆழம் போனால் சரளை கலந்த முரம்பு. எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றி, அதற்குக் கூலியும் கொடுத்து, ஏதோ ஒரு பள்ளத்தில் கொட்டிவிடுவார்கள். பிறகு மாலூர்ப் பக்கத்துச் சூளையில் வெந்த செங்கல் லாரியில் வந்து இறங்கும். செங்கலும் மண்தானே? வீட்டடி மண்ணைக் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லை தாண்டி வந்த மண்ணைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அனுப்புகிற மண்ணைச் சுடாமலே கல்லாக்க முடியும். கொஞ்சம் சிமெண்ட் கலந்து, இரும்பு அச்சில் இட்டு, அழுத்தி, ஈரம் காயாமல் சில வாரம் வைத்திருந்தால் போதும். கடைக்காரர்கள் ‘இன்டர்லாக் பிரிக்’ என்று விற்பதில் ஒரு வகை இதுதான். பள்ளமும் நாக்குமாகப் பொருந்துகிற அமைப்பு அதில் கூடுதல். வீட்டு வேலையில் குடும்பத்தார் தாங்களே கைவைக்கக்கூடிய பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கான்கிரீட் தளம் போடுவதும் மின்கம்பி இழுப்பதும் பிழைத்தால் உயிரோடு விளையாட்டு. மண்கல் பிழைத்தால் அந்தக் கல்லை உடைத்துத் தோட்டத்தில் போட்டுவிடலாம்.

இது ஆசிரமவாசிகளின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. நாடு பிரிந்த கையோடு, அகதிகளைக் குடியமர்த்த வேண்டியிருந்த 1948இல், அன்றைய பஞ்சாபின் கர்னாலில் மண்ணோடு மிகச் சிறிதளவு சிமெண்ட் கலந்து இடித்து இறுக்கிய சுவர்களால் சுமார் 4000 வீடுகள் எழுந்தன. 1950களில் கொலம்பியாவின் போகோட்டா நகரில் ராவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் கையால் இயக்கும் அச்சு ஒன்றை வடிவமைத்தார். சின்வா-ராம் என்ற அந்த எந்திரத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உலகமெங்கும் ஓடுகிற மண்கல் அச்சுகள். நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், அமுல்ய குமார் ரெட்டி 1974இல் ‘அஸ்த்ரா’ என்ற பிரிவைத் தொடங்கினார். கிராமத்துக்கு உதவாத அறிவியல் எதற்கு என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அது. தும்கூர் மாவட்டத்து உங்ரா கிராமம் அதன் களம். புகை குறைந்த அடுப்பு அங்கிருந்து வந்தது. கே. எஸ். ஜகதீஷ், பி. வி. வெங்கடராம ரெட்டி ஆகியோரின் மண்கல் ஆய்வும் அங்கிருந்தே வளர்ந்தது. 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் தன் பங்குக்கு ‘ஆராம்’ அச்சுகளை உருவாக்கியது. ஆரோவில் போனவர்கள் பார்த்திருக்கக்கூடிய வருகையாளர் மையம் இப்படி அழுத்திய மண்கல்லால் கட்டியதுதான். இந்தியத் தர நிறுவனம்கூட ஐ.எஸ். 1725 என்று இதற்கொரு தரம் வகுத்து வைத்திருக்கிறது.

ஆனாலும் ஆசைப்பட்டுச் செய்து பார்த்தவர்களில் பலர், ‘ஒரு மழைக்கே கரைஞ்சுடுச்சு’ என்று கைவிட்டிருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் எந்திரத்தைக் குறை சொல்வார்கள். பிழை எந்திரத்தில் இருப்பது அபூர்வம். மண்ணை அளக்காமல் கல் அறுத்ததுதான் பிழை.

அளக்க என்ன வேண்டும்? நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடி பாட்டில். ஊறுகாய் பாட்டில் போதும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டடிக்குக் கீழிருந்து எடுத்த மண்ணைக் கட்டியில்லாமல் நொறுக்கி, பாட்டிலில் கால்வாசி போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி, நன்றாகக் குலுக்கி மேசையில் வைக்க வேண்டும். அரை நிமிடத்தில் ஒரு கோடு. அடியில் அதுவரை படிந்தது மணல். பிறகு அதன்மேல் வண்டல் படியும். கடைசியாக, பல மணி நேரம் கழித்து, களி.

ஏன் இந்த வரிசை? நீரில் விழும் சிறு துகளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, நீரின் பிசுபிசுப்பு மேலே பிடிக்கிறது. எடை துகளின் விட்டத்தின் மும்மடியில் கூடும். பிடிப்போ விட்டத்தின் அளவுக்குத்தான் கூடும். ஆகவே விழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் எழுதிய விதி இது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மணலுக்கும் வண்டலுக்கும் எல்லை சுமார் 0.06 மில்லிமீட்டர். அந்த அளவுத் துகள் பத்து சென்டிமீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். வண்டலுக்கும் களிக்கும் எல்லை 0.002 மில்லிமீட்டர். முப்பது மடங்கு சிறியது. முப்பதின் வர்க்கம் தொள்ளாயிரம். அரை நிமிடத்தைத் தொள்ளாயிரத்தால் பெருக்கினால் ஏழரை மணி நேரம். அதாவது காலையில் குலுக்கி வைத்துவிட்டு முதல் ஷிப்டுக்குப் போய் வந்தால், அப்போதும் கலங்கி நிற்கிற நீரில் மிதப்பது களி மட்டும்தான். இந்தக் கணக்கு 20 டிகிரி வெப்ப நீருக்கானது. சமவெளியின் வெயிலில் நீர் இளகி, துகள் சற்று வேகமாக இறங்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் கணக்கு சரியாகவே வரும்!

மிதக்கும் களி இரண்டு மூன்று நாளானாலும் தெளியாமல் அடம் பிடிப்பதுண்டு. களித் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிவிடும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் அந்தத் தள்ளல் தணிந்து, துகள்கள் கூட்டமாய்ச் சேர்ந்து விரைவாக விழுந்துவிடும். நீர் தெளியும். ஆனால் நேரத்தைப் பார்த்துக் கோடு போடுகிறவர் உப்பை முதலிலேயே போடக்கூடாது. கூட்டமாக விழுந்த களி, வண்டல் போலக் கணக்கில் ஏறிவிடும். இன்னொன்று: புதிதாகப் படிந்த களி நீரை வைத்துக்கொண்டு உப்பியிருக்கும். பாட்டிலில் தெரிகிற தடிமன் அதன் உண்மையான பங்கைக் கொஞ்சம் கூட்டியே காட்டும்.

மண்கல்லுக்கு நல்ல மண்ணில் மணலும் சிறுசரளையும் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும், களி 10 முதல் 15 சதவீதம் இருந்தால் போதும். வீட்டுக் கட்டுமானத்தில் ‘நல்ல பிசுக்குள்ள மண்’ என்று மெச்சுவார்கள். சிமெண்ட் கலக்கப்போகிற மண்ணுக்கு அந்தப் பிசுக்கு அதிகமானால் ஆபத்து. களித் துகள்கள் மணலின் மேல் போர்வையாய்ப் படிந்து, சிமெண்டும் மணலும் கைகோக்க விடாது. களி மிகுந்த மண் கிடைத்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. கல்குவாரிகள் நிறைந்த மாவட்டம் இது. கிரஷர் பொடியைக் கலந்து மணல் பங்கை ஏற்றிக்கொள்ளலாம். ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம்.

எவ்வளவு களி என்பது பாதிக் கேள்விதான். எந்தக் களி என்பது மீதி. இந்த வட்டாரத்தின் அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழமையான கிரானைட் இனப் பாறை. அதிலுள்ள குவார்ட்ஸ் உடைந்து மணலாகிறது. ஃபெல்ட்ஸ்பார் மழையிலும் காற்றிலும் சிதைந்து களியாகிறது. இரும்பு துருவேறி மண்ணுக்குச் சிவப்பைத் தருகிறது. மேட்டு நிலம், நீர் தேங்காமல் வடிந்துவிடும். அப்படி வடியும் இடத்தில் கரையக்கூடிய உப்புகள் அடித்துச் செல்லப்பட்டு, மிஞ்சுவது பெரும்பாலும் கயோலினைட் என்ற களிக் கனிமம். அதன் படலங்கள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகியிருப்பதால் நீர் இடையில் புகுவதில்லை. நனைந்தால் பெரிதாக உப்பாது, காய்ந்தால் பெரிதாகச் சுருங்காது. கரிசலில் மிகுந்திருக்கிற மான்ட்மோரில்லோனைட் நேர் எதிர். அதன் படலங்களுக்கிடையே நீர் தாராளமாகப் புகும். கயோலினைட் ஒரு கிராமுக்கு இருபது சதுர மீட்டர் வரை மேற்பரப்பு கொண்டதென்றால், இது எண்ணூறு சதுர மீட்டர் வரை போகும். அத்தனை பரப்பையும் சிமெண்டால் கட்டிப்போட முடியாது. அங்கே சுண்ணாம்புதான் வேலைக்காகும். சுண்ணாம்பின் கால்சியம் களியின் மின்னேற்றத்தைத் தணித்து, பிறகு மாதக்கணக்கில் மெல்ல வினைபுரிந்து இறுகும்.

செம்மண் என்றால் எல்லாம் ஒன்றே என்று நம்பிவிடவும் கூடாது. மேட்டுக் கொல்லையின் மண் ஒரு மாதிரி, நாலு வயல் தள்ளி ஏரிக்குக் கீழே இருக்கிற மண் வேறு மாதிரி. களியின் குணத்தைப் பார்க்க 60 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழத்தில் பலகைப் பெட்டி ஒன்று செய்து, உட்புறம் எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை நிரப்பிக் காயவைப்பார்கள். எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தால் போதும். ஒன்றரை சென்டிமீட்டருக்குள் சுருங்கினால் பதினெட்டுப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சிமெண்ட் என்று தொடங்கலாம். நான்கரையைத் தாண்டினால் பன்னிரண்டுக்கு ஒன்று வரை போக வேண்டியிருக்கும். ஆறையும் தாண்டினால் அந்த மண்ணை விட்டுவிடுவதே மேல்.

அடுத்தது ஈரம். சிமெண்டும் மண்ணும் காய்ந்த நிலையில் நிறம் ஒன்றாகும்வரை புரட்டியபின் தண்ணீர் தெளிக்க வேண்டும். கேழ்வரகுப் புட்டுக்கு மாவு பிசிறுகிற அந்தப் பதம்தான். பிடித்தால் பிடி நிற்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. அந்தப் பிடியை இடுப்புயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட்டுப் பார்த்தால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். தூளானால் ஈரம் போதாது. சப்பையாய் ஒட்டிக்கொண்டால் அதிகம். ஈரம் துகள்களுக்கிடையே வழுக்கலைத் தந்து அவை நெருங்க உதவுகிறது. அளவு மீறினால் நீரே இடத்தை அடைத்துக்கொள்ளும், நீரை அழுத்திச் சுருக்க முடியாது. தண்ணீர் பட்ட கலவையை அரை மணி நேரத்துக்குள் அச்சில் போட்டுவிட வேண்டும். பெரிய குவியலாய்க் கலந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் இங்கே உதவாது.

அச்சின் உள்ளே நடப்பது அழகான எந்திரவியல். 23 சென்டிமீட்டர் நீளம், 19 அகலம், 10 உயரம் என்ற வழக்கமான கல்லுக்கு மேல்பரப்பு 437 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம் என்றாலே எட்டரை டன்னுக்கு மேல் வேண்டும். இரண்டு பேர் நீண்ட கைப்பிடியைத் தொங்கி இழுத்தே இது கிடைக்கிறது. காரணம், நெம்புகோலோடு சேர்ந்த முழங்கை அமைப்பு. மடங்கிய இரு தண்டுகள் நேராக நேராக, கடைசி நொடியில் விசை பல மடங்காகிறது. முடங்கிய காலை நீட்டிக் கதவைத் தள்ளியவருக்கு இந்த உத்தி தெரியும்.

இங்கேதான் ஓசூர்க்காரர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அசோக் லேலண்டிலோ டி.வி.எஸ்ஸிலோ டைட்டனிலோ, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற சிறு பட்டறைகளிலோ வேலை பார்க்கிறவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பிரஸ் ஷாப்பில் நின்றவருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை: அச்சு ஒன்றாக இருந்தாலும் உள்ளே போடுகிற அளவு மாறினால் வெளியே வருகிற பொருளும் மாறும். கொத்தனார் மண்வெட்டிக் கணக்கில் அள்ளிப் போடுவார். ஒரு கல் இறுகும், அடுத்தது பொதபொதவென்று வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. அறிவியல் கழகத்தார் வற்புறுத்துவது, ஒவ்வொரு கல்லுக்கும் கலவையை எடைபோட்டு இடு என்பதுதான். காய்ந்த நிலையில் லிட்டருக்கு 1.8 கிலோ அடர்த்தி வேண்டும். மேற்சொன்ன கல்லின் கொள்ளளவு 4.37 லிட்டர். ஆகவே காய்ந்த எடை ஏழே முக்கால் கிலோவைத் தாண்ட வேண்டும். ஈரத்தையும் சேர்த்தால் அச்சில் இடவேண்டியது சுமார் எட்டே முக்கால் கிலோ. காய்கறிக் கடைத் தராசு ஒன்று அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் தரம் பாதி நிச்சயமாகிவிடும். கல்லின் வலு அடர்த்தியோடு நேராக ஏறுவதில்லை, அதைவிடச் செங்குத்தாக ஏறுகிறது. நூறு கிராம் குறைத்துப் போட்டு மண்ணை மிச்சம் பிடிப்பவர் வலுவில் அதைவிடப் பெரிய பங்கை இழக்கிறார்.

சிமெண்ட் எவ்வளவு ஆகும்? ஏழு சதவீதம் என்று வைத்தால் ஒரு கல்லுக்கு 550 கிராம். ஒரு மூட்டைக்குத் தொண்ணூறு கல். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டடியில், பத்தடி உயரச் சுவரோடு ஓர் அறை என்றால், கதவு சன்னல் போக ஏறத்தாழ 1500 கல் பிடிக்கும். பதினேழு மூட்டை சிமெண்ட், மூன்று யூனிட் மண். அந்த அறைக்குக் கடக்காலும் செப்டிக் டேங்க் குழியும் தோண்டினாலே இதில் பெரும்பங்கு வந்துவிடும். ஆறேழு பேர் சேர்ந்தால் கைஅச்சில் ஒரு நாளைக்கு நானூறு, ஐநூறு கல் போடலாம். கணவன் மனைவியும் வார விடுமுறையில் வருகிற மச்சானும் மட்டும் என்றால் நூறைத் தாண்டுவதே பெரிது.

போட்ட கல்லை அன்றே அடுக்கி மூடிவிட வேண்டும். இந்த இடத்தில்தான் அவசரக்காரர்கள் தோற்கிறார்கள். சுடுகிற செங்கல்லைக் காயவைப்பது போல வெயிலில் பரப்பிவிடுவார்கள். மண்கல் காய்ந்து இறுகுவதில்லை, நனைந்திருந்து இறுகுகிறது. சிமெண்டின் கால்சியம் சிலிகேட் நீரோடு சேர்ந்து, மணலுக்கும் வண்டலுக்கும் இடையே நுண்ணிய இழைகளும் தகடுகளுமாக ஒரு கூழ்மத்தை வளர்க்கிறது. நீர் ஆவியாகிப் போனால் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். கேழ்வரகுத் தாளையோ சாக்கையோ போர்த்தி, காலையும் மாலையும் தெளித்து, மூன்று முதல் நான்கு வாரம் வைத்திருக்க வேண்டும். சிமெண்டே போடாத மண்கட்டி காய்ந்ததும் கல்லாட்டம் கெட்டியாவதைப் பார்த்து ஏமாறவும் கூடாது. அந்தக் கெட்டித்தனம், துகள்களுக்கிடையே மிஞ்சிய மெல்லிய நீர்ப்படலத்தின் இழுவிசை. கட்டி முழுக்க நனைந்ததும் படலம் மறைந்து, இழுவிசையும் போய்விடும். அதனால்தான் தரநிர்ணயம் மண்கல்லின் வலுவை ஊறவைத்துச் சோதிக்கச் சொல்கிறது. காய்ந்த வலுவில் பாதிக்குக் கீழே இறங்கினாலும் வியப்பில்லை.

வீட்டிலேயே செய்யலாம்: நான்கு வாரமான கல் இரண்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து எடுத்து, ஆணியால் விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். கீறல் விழலாம், சேறாய் வழியக்கூடாது. மூலை உதிர்ந்தால் சிமெண்ட் பங்கையோ மணல் பங்கையோ ஏற்றிவிட்டுத்தான் அடுத்த கலவை. முதல் நூறு கல்லைப் போட்டதும் நான்கு வாரம் பொறுத்திருந்து இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மீதியைத் தொடர்வது புத்திசாலித்தனம். யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

சூழலுக்கு லாபம் உண்டா? ஜகதீஷும் வெங்கடராம ரெட்டியும் 2003இல் வெளியிட்ட கணக்குப்படி, சூளைச் செங்கல் சுவர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2100 மெகாஜூல் ஆற்றலை விழுங்குகிறது. ஆறு சதவீதச் சிமெண்ட் கலந்த மண்கல் சுவர் சுமார் 650. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. வித்தியாசம் அத்தனையும் சூளை விறகும் நிலக்கரியும். சிமெண்ட் ஹாலோ பிளாக்கோடு ஒப்பிட்டால் லாபம் அவ்வளவு இல்லை, அது சுமார் 820தான். சிமெண்ட் பங்கைப் பத்துக்கு ஏற்றி, மண்ணையும் தூரத்திலிருந்து லாரியில் கொண்டுவந்தால் அந்த லாபமும் கரைந்துவிடும். மண்கல்லின் அர்த்தமே மண் காலடியில் இருப்பதுதான். விளம்பரத்தில் ‘பசுமை’ என்று எழுதியதைப் பார்த்து நூறு கிலோமீட்டர் தாண்டி வரவழைக்கிறவர்களைக் காணும்போது சிரிப்பு வருகிறது.

எதை மேஸ்திரியிடம் விட வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். கடக்கால் சைஸ் கல்லிலேயே இருக்கட்டும். இந்த ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. மண்கல் சுவர் தரையிலிருந்து ஒன்றரை அடிக்காவது மேலே கருங்கல் பீடத்தில் உட்கார வேண்டும். தரையில் விழுந்து தெறிக்கிற மழைநீர்தான் சுவரின் அடியை அரிக்கும். கூரை விளிம்பு இரண்டடி நீண்டிருந்தால் வெளிப்பூச்சே தேவையில்லை. சன்னல் மட்டத்தில் லிண்டல் பட்டை சுற்றிலும் ஓட வேண்டும், அதில் கம்பி கட்டுவது பழகியவர் வேலை. சுவர் கட்டும் கலவையில் மட்டும் மேஸ்திரியின் பழக்கத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். பணக்காரக் கலவையாகச் சிமெண்டை வாரிப் போடுவார். அது கல்லைவிடக் கெட்டியாகி, விரிசல் வரும்போது கல்லையே பிளக்கும். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு அதே சலித்த செம்மண், ஆறு பங்கு எம்-சாண்ட் போதும். இளகிய கலவையில் விரிசல் இணைப்போடு நின்றுவிடும், பிறகு பூசிக்கொள்ளலாம்.

காலமும் பார்த்துத் தொடங்க வேண்டும். இங்கே ஆவணி கடந்து ஐப்பசி வரை மழை வலுக்கும். ஈர மண்ணைச் சலிக்க முடியாது, பச்சைக் கல்லையும் காப்பாற்ற முடியாது. பொங்கல் முடிந்த கையோடு கல் போட்டால் மாசி இறுதிக்குள் பதம் வந்துவிடும், பங்குனியில் சுவர் எழும்பும். மே மாதத்து இடிமழைக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும். கூரைக்கு ஆள் சொல்லிவைக்க வேண்டிய நேரம் கல் போடத் தொடங்கிய நாளே.